நான்காம் எண் பேருந்து எப்படித் திரும்புகிறது

ஜனவரி 14
சைதாமா

ஹிராகா யசுஷி-சான் அவர்களுக்கு,

குளிர் எலும்பைத் துளைக்கும் இந்நாட்களில் நீங்களும் நானோஹானா தொழிற்கூடத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் துக்க அஞ்சலட்டை வந்தது. உங்கள் அம்மா நவம்பரில் காலமானார் என்பதையும், அதனால் இந்த ஆண்டு நீங்கள் புத்தாண்டு வாழ்த்து அனுப்பப்போவதில்லை என்பதையும் அறிந்தேன். ஆழ்ந்த அனுதாபங்கள். உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். ஆண்டு இறுதியில் எங்கள் நகராட்சி நல அலுவலகத்தில் மூச்சு விட நேரம் இருக்காது.

என்னை நினைவிருக்கிறதா? ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆகஸ்ட் மாதம், சமூகப்பணிப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில், இருபத்துநான்கு நாள் களப்பயிற்சிக்கு உங்கள் தொழிற்கூடத்துக்கு வந்த நகுமோ ஷிஹோ. துணிக் கிளிப்புக்கு ஸ்பிரிங் மாட்டும் மேசையில் உங்களுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஐம்பது மாட்டி முடிக்கும்போது நான் ஒன்பதில் நிற்பேன்.

இப்போது ஒரு விண்ணப்பம். நான் படித்த துறை, வரும் ஆண்டு சேரப்போகும் மாணவர்களுக்கான கையேட்டில் 'ஒரு பட்டதாரியின் பார்வை' என்று ஒரு பக்கம் போடுகிறது. இந்த முறை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நானூறு எழுத்துகள், சிரித்த முகத்துடன் ஒரு படம். களப்பயிற்சியில் சந்தித்த மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்கள். எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

பயிற்சியின்போது மாணவர் ஒவ்வொருவரும் ஒருவரிடம் அவருடைய சொந்த விருப்பத்தைக் கேட்டு, அது நிறைவேற ஒரு திட்டம் தீட்ட வேண்டும். நான் உங்களிடம் கேட்டபோது, "நாலாம் நம்பர் பஸ் கடைசி ஸ்டாப்புல எப்படித் திரும்புதுன்னு பாக்கணும்" என்றீர்கள். அதை வைத்து எழுதிய திட்டத்துக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது.

உங்கள் பெயர் வராது. 'அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள திரு. அ.' என்றுதான் எழுதுவேன். ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகுமோ ஷிஹோ


ஜனவரி 20
நானோஹானா தொழிற்கூடம்

நகுமோ-சான் அவர்களுக்கு,

இங்கேயும் குளிர்தான். நேற்று 31 சென்டிமீட்டர் பனி.

நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு 9 புத்தாண்டு அட்டை அனுப்பியிருக்கிறேன். நினைவில்லாதவருக்கு யாராவது 9 அட்டை அனுப்புவார்களா? நீங்கள் 3 அனுப்பினீர்கள். 3 அட்டையிலும் ஒரே வரி. 'மீண்டும் கட்டாயம் வருகிறேன்.' பயிற்சி முடிந்து நீங்கள் அனுப்பிய நன்றிக் கடிதத்திலும் அதே வரி. அந்தக் கடிதம் சாப்பாட்டு அறைச் சுவரில் 2 வருடம் இருந்தது. பெயிண்ட் அடித்தபோது கழற்றினார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உங்கள் வெள்ளைக் காலணி வாசல் காலணி அடுக்கில் 17-ஆம் தட்டில் இருக்கிறது. உள்ளே போட்டு நடப்பதற்கு நீங்கள் கொண்டுவந்தது. கடைசி நாள் மறந்துவிட்டுப் போனீர்கள். போன் செய்தபோது அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றீர்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக வருபவருக்கு அந்தத் தட்டைக் குராத்தா அக்கா கேட்பார். குராத்தா அக்கா எங்கள் பொறுப்பாளர், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "ஹிராகா-சான், அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ, என்ன பண்ணுதோ. இன்னும் அந்த ஷூவுக்குக் காவல் இருக்கீங்களே, சம்பளம் ஏதும் தராங்களா?" என்பார். "வருவாங்க. எழுதியிருக்காங்க" என்பேன். வாரம் ஒரு முறை தூசி தட்டுகிறேன்.

நீங்கள் செய்து கொடுத்த திட்ட அட்டையும் இருக்கிறது. கட்டம் 1, நகுமோவுடன் நிறுத்தம் வரை நடப்பது. நீங்கள் குத்திய சீமைப்பனிச்சைப் பழ முத்திரை இருக்கிறது. கட்டம் 2, நகுமோவுடன் 3 நிறுத்தம் போய் வருவது. முத்திரை இருக்கிறது. கட்டம் 3, நகுமோவுடன் கடைசி நிறுத்தம் வரை போவது. முத்திரை இல்லை. கட்டம் 4, தனியாகப் போவது. 3 முடியாமல் 4 வராது. குராத்தா அக்கா "நான் வரேனே" என்று 11 முறை சொன்னார். அட்டையில் குராத்தா என்று இல்லை.

4 வருடத்துக்கு முன்பு அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனார். அது 4-ஆம் எண்ணின் கடைசி நிறுத்தத்தில், கடல் முனையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை தொழிற்கூடத்து வேனில் கூட்டிப்போவார்கள். வேன் மேல்சாலை வழியாகப் போய்ப் பின்வாசலில் நிற்கும். நோய் பரவும் என்று எங்களை மாடிக்கு விடமாட்டார்கள். கீழ் அறையில் 15 நிமிடம் பேசலாம். அம்மா சொல்வார், "நாலாம் நம்பர் என் ஜன்னலுக்குக் கீழதான்டா திரும்புது. தினமும் பாக்கறேன்." எப்படித் திரும்புகிறது என்று கேட்பேன். "சொல்ல மாட்டேன் போ. பஸ்ல வந்து நீயே பாரு" என்று சிரிப்பார்.

மார்ச் 31-உடன் 4-ஆம் எண் நிறுத்தப்படுகிறது. ஆள் ஏறுவதில்லையாம். நிறுத்தத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் முத்திரை. பிறகு கையெழுத்து.

இன்னொன்று. நான் திரு. அ. இல்லை.

ஹிராகா யசுஷி


ஜனவரி 28
சைதாமா

ஹிராகா-சான் அவர்களுக்கு,

பிளம் மொட்டுகள் விரியத் தொடங்கும் நேரம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் எல்லா மாணவர்களும் நன்றிக் கடிதம் அனுப்பியாக வேண்டும். துறை அலுவலகத்தில் ஒரு மாதிரிக் கடிதம் தருவார்கள். தொடக்கத்தில் பருவநிலை, நடுவில் கற்றுக்கொண்டவை, முடிவில் 'மீண்டும் கட்டாயம் வருகிறேன்'. எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் அந்த வரியை எழுதினோம். பெறுகிறவர்களுக்கும் அது மரியாதைக்கு எழுதுவது என்று தெரியும். தெருவில் பார்த்தவரிடம் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நான் எழுதவில்லை.

நான் இப்போது நூற்றுப் பதினான்கு குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் விடுப்புக் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் முகம் போகிற போக்கு உங்களுக்குத் தெரியாது. அங்கே வந்து போக இரண்டு நாள் ஆகும்.

அதனால் ஒரு யோசனை. அந்தப் பழ முத்திரை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். குராத்தா-சான் உங்களுடன் பேருந்தில் வரட்டும். மூன்றாம் கட்டத்தில் அவரே முத்திரை வைக்கட்டும். திட்டத்தை எழுதியவள் என்ற முறையில் நான் அனுமதி தருகிறேன். காலணியை எறிந்துவிடுங்கள்.

கையேட்டுக்குப் பிப்ரவரி 29-க்குள் எழுதித் தர வேண்டும்.

நகுமோ ஷிஹோ


பிப்ரவரி 3

நகுமோ-சான் அவர்களுக்கு,

இன்று பேய் விரட்டும் நாள். நான்தான் பேய். எல்லோரும் என் மேல் வறுத்த சோயா எறிந்தார்கள். குராத்தா அக்கா குறி பார்த்து எறிந்தார்.

முத்திரையைத் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் வரவில்லை. வராத இடத்தில் வந்ததாக முத்திரை வைத்தால் அது பொய்.

மரியாதைக்கு எழுதினேன் என்றால் எனக்குப் புரியவில்லை. குராத்தா அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். பிறகு, "எங்களுக்கெல்லாம் தெரியும் ஹிராகா-சான். உங்ககிட்ட யாரும் சொல்லல, அவ்வளவுதான்" என்றார்.

எல்லோருக்கும் தெரியும் என்றால் என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

காலணியை எறியவில்லை.

ஹிராகா யசுஷி


பிப்ரவரி 8
சைதாமா

ஹிராகா-சான் அவர்களுக்கு,

வருகிறேன்.

பிப்ரவரி 23 அரசு விடுமுறை. முந்தின நாள் மாலை கிளம்பி அங்கே தங்கிவிட்டு, காலை 10.12 பேருந்துக்கு நிறுத்தத்துக்கு வந்துவிடுவேன். இந்த முறை இது மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்த வரி இல்லை. முத்திரையைக் கைப்பையில் இப்போதே போட்டுவிட்டேன்.

நகுமோ ஷிஹோ


பிப்ரவரி 24
சைதாமா

ஹிராகா-சான் அவர்களுக்கு,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கிளம்பத்தான் செய்தேன். பனிப்பொழிவில் ரயில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் நடுவழியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தொழிற்கூடத்துக்குத் தொலைபேசலாம் என்றால் விடுமுறை நாள். நீங்கள் குளிரில் அதிக நேரம் நிற்கவில்லை என்று நம்புகிறேன்.

இயற்கையின் முன் நாம் என்ன செய்ய முடியும்? துறையிடம் இன்னும் மூன்று வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

நகுமோ ஷிஹோ


மார்ச் 1

நகுமோ-சான் அவர்களுக்கு,

22-ஆம் தேதி பனி 4 சென்டிமீட்டர். 23-ஆம் தேதி பனி இல்லை. நான் ரயில் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டேன். "ரெண்டு நாளும் ஒரு வண்டிகூட நடுவழியில நிக்கலையே, எல்லாம் நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஏன் சார், யாரையாவது எதிர்பாத்தீங்களா?" என்றார் நிலைய அதிகாரி. ஆமாம் என்றேன்.

நான் 9.30-க்கு நிறுத்தத்துக்கு வந்தேன். 10.12 போனது. 11.12 போனது. 12.12 போனது. 13.12 போனது. ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் கதவைத் திறந்தார். நான் குனிந்து வணங்கி, இல்லை என்றேன். 13.12-இல் அவர், "ஏறுங்களேன், உள்ள சூடா இருக்கு" என்றார். குராத்தா அக்கா காரில் வந்து கூட்டிப்போனார். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஹிராகா யசுஷி


மார்ச் 6
சைதாமா

ஹிராகா-சான் அவர்களுக்கு,

பருவநிலை எழுதாமல் தொடங்குகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதுவும் ரயில் நிலையத்துக்கே போன் செய்து கேட்கிறவரிடம். நான் அங்கேதான் இருந்தேன். நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் இருபத்துநாலு மணிநேரக் கடைக்குள், பத்திரிகை அடுக்குக்குப் பின்னால், கண்ணாடி ஓரம். ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன். உங்களைப் பார்த்தேன். நீல நிறத் தொப்பி, கழுத்தில் நாடாவில் தொங்கும் திட்ட அட்டை, கையில் துணிப்பை. பைக்கு வெளியே ஒரு வெள்ளைக் காலணியின் நுனி தெரிந்தது.

சாலையைக் கடக்க இருபது அடிகூட இல்லை. என்னால் முடியவில்லை. நீங்கள் கோபமாக நின்றிருந்தால் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டு வாங்குவது என் வேலையில் தினமும் நடப்பதுதான். ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். பேருந்து வரும் திசையை ஒரு முறை, நிலையம் இருக்கும் திசையை ஒரு முறை பார்த்துக்கொண்டு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. பத்து பன்னிரண்டு போனது, பதினொன்று பன்னிரண்டு போனது. கடைக்காரப் பெண், "ஏதாவது தேடறீங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். சூடான தேநீர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். அதன் பிறகும் இரண்டு பேருந்துகளுக்கு நீங்கள் நின்றீர்கள் என்பது உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரியும்.

பொய் சொன்னதோடு நிற்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் துக்க அட்டை வந்தபோது என் மனதில் முதலில் எழுந்தது வருத்தம் இல்லை. இந்த வருடம் வாழ்த்து அட்டை வராது, பதில் போடாமல் விட்டோமே என்று உறுத்தாது என்ற நிம்மதி. ஒருவருடைய அம்மா இறந்ததற்கு நான் நிம்மதி அடைந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.

பட்டதாரியின் பார்வை என்று என்ன எழுதுவது என இரண்டு மாதமாக யோசிக்கிறேன். படிப்பின் மேல் பழியைப் போடலாம் என்றுதான் முதலில் தேடினேன். கிடைக்கவில்லை. அது நல்ல படிப்பு. முதல் ஆண்டில் துன்பங்களுக்கெல்லாம் பெயர் கற்றுத் தந்தார்கள். இரண்டாம் ஆண்டில் காது கொடுத்துக் கேட்கக் கற்றுத் தந்தார்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். என் தோழி "வயிறு வலிக்குது" என்றாள். "உங்களுக்கு வயிறு வலிக்குது, இல்லையா?" என்றேன். "நெசமாவே வலிக்குதுடி, மாத்திரை இருந்தா குடு!" என்று அவள் கத்தியதில் வகுப்பே சிரித்தது.

மூன்றாம் ஆண்டில், களப்பயிற்சிக்கு முந்தின மாதம், ஒரு வகுப்பு முழுக்க உறவை முடிப்பது பற்றி. ஆசிரியை கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. "ஆரம்பிக்கறதுக்கு நூறு வழி இருக்கு. முடிக்கறதுக்கு ஒரே வழிதான். நேர்ல உக்காந்து, இனிமே வர மாட்டேன்னு சொல்லணும். அழுவாங்க. இருந்து பாக்கணும்" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதிப் பச்சை மையில் அடிக்கோடிட்டேன். தேசியத் தேர்வில் அதிலிருந்து கேள்வி வந்தது. சரியான விடை எழுதினேன். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் திட்டத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. நாலாம் நம்பர் பஸ் எப்படித் திரும்புதுன்னு பாக்கணும். அவ்வளவுதான். அதில் 'நகுமோவுடன்' என்று நீங்கள் சொல்லவே இல்லை. மதிப்பெண் பட்டியலில் 'பயிற்சி மாணவரின் பங்கு தெளிவாகத் தெரிய வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அதற்காக நான்தான் மூன்று கட்டங்களிலும் என் பெயரை நுழைத்தேன். முதல் மதிப்பெண் வாங்கினேன். நீங்கள் அதை ஒன்பது வருடம் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றீர்கள். அம்மா இருந்த நாலு வருடம் அந்தப் பேருந்து தினமும் ஒன்பது தடவை உங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

கையேட்டுக்கு எழுதப்போவதில்லை. படிவத்தைக் கிழித்துவிடுங்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நகுமோ ஷிஹோ


ஏப்ரல் 1

நகுமோ-சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நீளம். 3 நாள் படித்தேன். குராத்தா அக்காவிடம் காட்டவில்லை.

நான் சொன்னது பஸ் மட்டும்தான். சரிதான். எனக்கும் மறந்துவிட்டது. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அடிக்கோல் வைத்து 3-ஆம் கட்டத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டேன். 1-இலும் 2-இலும் அடிக்கவில்லை. அதில் நீங்கள் வந்தீர்கள்.

நேற்று மார்ச் 31. 10.12-க்கு ஏறினேன். தனியாக. கூட்டமாக இருந்தது. கடைசி நாள் என்று கேமராவோடு நிறையப் பேர். 9 வருடமாக ஆள் ஏறவில்லை, கடைசி நாள் மட்டும் நிற்க இடமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் எல்லாம் கலங்கரை விளக்க நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் ஓட்டுநரும் மட்டும்.

எப்படித் திரும்புகிறது என்று எழுதுகிறேன். இல்லத்தின் வாசலைத் தாண்டி முதலில் நேராகப் போகும். மீன் சங்கத்துப் பழைய கொட்டகை முன்னால் நிற்கும். ஓட்டுநர் இறங்கிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று நடந்து பார்ப்பார். பிறகு ஏறி, பீ பீ என்று சத்தத்தோடு பின்பக்கமாகக் கொட்டகைக்குள் நுழையும். முழு உடம்பும் உள்ளே போய்விடும். முகம் மட்டும் வெளியே தெரியும். அப்படியே 6 நிமிடம் நிற்கும். அந்த 6 நிமிடமும் பஸ்ஸின் முகம் இல்லத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்தபடி இருக்கும். பிறகு வலப்பக்கம் வளைந்து வெளியே வரும்.

நான் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். பிப்ரவரி 23-ஆம் தேதி ஏறாமல் நிறுத்தத்திலேயே நின்றவர் நீங்கள்தானே என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேலே பார்த்து, "அந்த மூணாவது ஜன்னல்ல ஒரு அம்மா இருந்தாங்க. நான் வண்டிய உள்ள விட்டு நிறுத்துனதும் கையாட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும். நானும் ஒருவாட்டி விளக்கப் போட்டு அணைப்பேன். நாலு வருஷமா அப்படித்தான். நவம்பர்லேர்ந்து ஆளக் காணோம். இந்த ரூட்லயே என்னைத் தேடுன ஒரே ஆளு அவங்கதான்" என்றார்.

அது உங்களுக்கு இல்லை, எனக்கு என்றேன். அது என் அம்மா. பஸ்ஸில் நான் இருப்பேன் என்று கையாட்டியிருக்கிறார்.

ஓட்டுநர் மறுபடியும் அந்த ஜன்னலைப் பார்த்தார். "அப்ப நீங்க ஏறுங்க" என்று தன் இருக்கைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார். விளக்குப் பொத்தானைக் காட்டினார். நான் ஒரு முறை போட்டு அணைத்தேன். பிறகு இன்னொரு முறை. ஜன்னலில் வேறு திரை போட்டிருந்தார்கள்.

3-ஆம் கட்டத்தில் முத்திரை வைக்கவில்லை. 4-ஆம் கட்டத்தில் ஓட்டுநர் பயணச்சீட்டுத் துளையிடும் கருவியால் ஒரு துளை போட்டார். 3 காலியாகவே இருக்கும். அது உங்களுடையது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகவில்லை. போனால் எழுதுகிறேன்.

காலணியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இன்று ஒரு புதிய பெண் வேலைக்கு வந்தார். 17-ஆம் தட்டை அவருக்குக் கொடுத்தேன். அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், வர முடியாவிட்டால் வர முடியாது என்று எழுதுங்கள் என்று. குராத்தா அக்கா, "வந்த அன்னைக்கே பயமுறுத்தாதீங்க மனுஷா" என்றார்.

படிவத்தைக் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுத வேண்டும். 2 நிபந்தனை. என் முழுப் பெயர் வர வேண்டும். நீங்கள் வரவில்லை என்பதும் வர வேண்டும்.

ஹிராகா யசுஷி


ஏப்ரல் 14
சைதாமா

ஹிராகா-சான் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. காலணியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. போட்டுப் பார்த்தேன், இன்னும் சரியாக இருக்கிறது.

கெடு முடிந்தும் துறையில் அந்தப் பக்கத்தை எனக்காக வைத்திருந்தார்கள்; அவர்களுக்கு அனுப்பியதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'நான் சமூகப்பணி படித்தேன். நல்ல ஆசிரியர்கள், நல்ல பாடங்கள். மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் ஹிராகா யசுஷி என்பவருக்கு ஒரு திட்டம் எழுதினேன். பேருந்து எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது அவருடைய விருப்பம். அந்த விருப்பத்துக்குள் மதிப்பெண்ணுக்காக என் பெயரை எழுதினேன். மீண்டும் கட்டாயம் வருகிறேன் என்று கடிதம் போட்டேன். போகவில்லை. அவர் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். அந்தப் பேருந்தை எதிர்பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த அவருடைய அம்மா இறந்துவிட்டார். கடைசியில் அவர் தனியாகவே போனார். அதில் எனக்குப் பங்கில்லை. இந்தப் படிப்பு உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லித் தரும். எனக்கும் தந்தது. சேருங்கள். ஆனால் நன்றிக் கடிதத்தின் கடைசி வரியை மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். அதைப் படிப்பவர் நம்புவார்.'

மறுநாளே துறை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "நகுமோ-சான், மனசத் தொடுது. ஆனா முடிவக் கொஞ்சம் வெளிச்சமா வைக்கலாமே? படிக்கப் போறது பதினேழு வயசுப் புள்ளைங்க. பேருக்குப் பதிலா 'திரு. அ.'ன்னு போட்டுக்கலாம்" என்றார்கள். அவர் திரு. அ. இல்லை என்றேன். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்றேன். போடுவார்களா என்று தெரியவில்லை. சிரித்த படம் அனுப்பவில்லை.

நேற்று அலுவலகத்தில் பழைய கோப்புகளை எடுத்து, யார் யாருக்கு 'மீண்டும் தொடர்பு கொள்கிறோம்' என்று எழுதி அப்படியே விட்டேன் என்று பார்த்தேன். முப்பத்தோரு பேர். பக்கத்து மேசைக்காரர் முகம் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டு, முதல் ஆளின் வீட்டுக்கு இன்று போனேன். எழுபத்தாறு வயதுக்காரர். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "அட, நெசமாவே வந்துட்டீங்களே" என்றார். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். நான் வாசலிலேயே காலணியைக் கழற்ற முடியாமல் நின்றேன்.

உங்கள் கோபம் போகும்போது எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவசரம் இல்லை. போகாவிட்டாலும் எழுதலாம்.

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். பின்பக்கமாக நுழைவது, பீ பீ சத்தம், ஆறு நிமிடம். கண்ணை மூடினால் தெரிகிறது என்று சொல்ல ஆசை. தெரியவில்லை. நான்காம் எண் பேருந்து எப்படித் திரும்புகிறது என்று நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாக எழுதும் வரியை எழுதவில்லை.

நகுமோ ஷிஹோ